சேலத்தில் காக்கை பார்க்கப் பழகுவது எப்படி? மொட்டை மாடியிலிருந்து ஏற்காடு வரை

பறவை பார்க்கப் பழக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: காக்கையில் தொடங்குங்கள். பலர் முகம் சுளிக்கிறார்கள். மூக்கனேரியில் மீன்கொத்தி இருக்கிறது, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது, தினம் கண்ணில் படுகிற காக்கையில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்கள். தினம் கண்ணில் படுவதுதான் அதன் பெரிய வசதி. கூடு கட்டுவது, குஞ்சுக்கு ஊட்டுவது, சண்டை, களவு, கூட்டமாகச் சேர்ந்து எதிரியை விரட்டுவது என்று ஒரு பறவையின் வாழ்க்கை முழுவதையும் மொட்டை மாடியில் நின்றே பார்க்கலாம். வேறெந்தப் பறவையும் இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் நிற்காது. சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. நகரத்தில் ஊர்க்காக்கை, மலையில் அண்டங்காக்கை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எந்தக் காக்கை என்று அறிவது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வட ஐரோப்பியப் புராணங்களில் ஓடின் என்ற கடவுளின் தோளில் ஹூகின், முனின் என்று இரண்டு கரும்பறவைகள் அமர்ந்திருக்கும். உலகமெல்லாம் பறந்து சேதி கொண்டுவந்து அவர் காதில் சொல்லும். லண்டன் கோட்டையில் குறைந்தது ஆறு கரும்பறவைகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசு கவிழும் என்ற நம்பிக்கையில் இன்றும் அவற்றைத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். பூட்டான் நாட்டின் தேசியப் பறவை, அந்நாட்டு அரசரின் மகுடத்தில் தலை நீட்டி நிற்பது, எல்லாமே ஒரே இனம்: ரேவன் என்ற பெருங்காக்கை. இந்தியாவில் அது ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்து வறண்ட நிலங்களிலும் இமயமலையின் உயரங்களிலும் வாழ்கிறது. தமிழ்நாட்டில் இல்லை. ஏற்காட்டில் எடுத்த படத்துக்கு ரேவன் என்று பெயர் போட்டு யாராவது அனுப்பினால், அது அண்டங்காக்கை என்று தயங்காமல் சொல்லலாம். ரேவன் 60 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானது; பறக்கும்போது வால் விரிந்து நடுவில் ஆப்பு போல நீண்டிருக்கும். அண்டங்காக்கையின் வால் முனை வட்டமாக முடியும்.

நம்மிடம் இருப்பவை இரண்டு. ஊர்க்காக்கைக்குக் கழுத்தும் பிடரியும் மார்பும் சாம்பல் நிறம். நெற்றி, தொண்டை, இறக்கை, வால் பளபளக்கும் கறுப்பு. நீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அண்டங்காக்கை உடல் முழுக்கக் கறுப்பு, ஊர்க்காக்கையைவிட ஒரு சுற்றுப் பெரியது, அலகு தடித்து மேல்புறம் நன்றாக வளைந்திருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் நிறத்தை மட்டும் நம்பி ஏமாறுவது உண்டு. வெயிலுக்கு எதிரே மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காக்கையின் சாம்பல் கழுத்து தெரியவே தெரியாது. அப்போது அலகைப் பாருங்கள், அப்புறம் குரலைக் கேளுங்கள். ஊர்க்காக்கை கரைவது மெல்லிசாக, மூக்கால் பேசுவது மாதிரி இருக்கும். அண்டங்காக்கையின் குரல் கனத்து, ஆழ்ந்து வரும். ஒரு வாரம் காது கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடலாம். ஆண் எது, பெண் எது என்று மட்டும் தேட வேண்டாம். இரண்டு இனத்திலும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது.

காக்கை என்று தவறாக நினைக்கக்கூடியவை மூன்று. ஆண் குயில் கறுப்பு, ஆனால் கண் சிவப்பு, அலகு வெளிர்பச்சை, உடல் ஒல்லி. கரிச்சான் என்ற இரட்டைவால் குருவி சிறியது. வால் நுனி பிளந்திருக்கும், தன்னைவிடப் பெரிய காக்கையைத் துரத்திக்கொண்டு போகும். செம்போத்து உடல் கறுப்பு, இறக்கை செங்கல் நிறம். வேலியோரத்தில் நடந்து போவதைத்தான் அதிகம் பார்ப்போம்.

எங்கே, எப்போது

கருவிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. பைனாகுலர் இருந்தால் மலைக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள், நகரத்தில் தேவைப்படாது.

முதல் இரண்டு வாரம் வீட்டை விட்டு எங்கும் போக வேண்டாம். விடிந்ததும் ஒரு கால் மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு கால் மணி நேரம் மாடியில் நில்லுங்கள். காலையில் எந்தத் திசையிலிருந்து வருகின்றன, மாலையில் எந்தத் திசைக்குப் போகின்றன என்று எழுதுங்கள். காக்கைகள் இரவில் பெருங்கூட்டமாக ஒரே இடத்தில் அடையும். மாலையில் அவை போகும் திசையைக் குறித்துக்கொண்டு, மறுநாள் வண்டியில் அந்தப் பக்கம் போய் அங்கிருந்து மறுபடி திசை பாருங்கள். இப்படியே நகர்ந்து போனால் உங்கள் பகுதிக் காக்கைகள் அடையும் மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் எண்ணம். ஒரு பறவையைப் பின்தொடர்வது என்றால் என்ன என்பது இதில்தான் பிடிபடும்.

அடுத்து கடைவீதி. மார்க்கெட் பக்கம், கறிக்கடை பக்கம், டீக்கடை வாசல். இங்கே பார்க்க வேண்டியது மனிதர்களைக் காக்கை எப்படிக் கவனிக்கிறது என்பதை. கடைக்காரர் கத்தியை எடுக்கும்போதே கூரையில் வந்து உட்காரும் காக்கை, மற்ற நேரத்தில் அந்தப் பக்கமே வராது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2006-ல் ஒரு முகமூடி அணிந்துகொண்டு சில காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்து கத்தின. அது வேறு இனம்தான். ஆனாலும் உங்கள் தெருக் காக்கை உங்களைத் தெரிந்து வைத்திருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கும் வழி உண்டு. தினம் சோறு வைக்கும் உங்கள் அம்மா மாடிக்கு வரும்போது வரும் காக்கை, நீங்கள் வரும்போதும் வருகிறதா என்று பாருங்கள்.

கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு மாலையில் போங்கள். ஏரி நடுவே உள்ள மண்திட்டு மரங்களில் கொக்கும் நாரையும் அடையும் நேரத்தில் காக்கையும் சுற்றும். காவலில்லாத கூட்டைத் தேடித்தான். காக்கை மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். இதையும் முகம் திருப்பாமல் பார்த்து எழுதுங்கள்.

மலை ஏறும்போது

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, எந்த வளைவு வரை சாம்பல் கழுத்து தெரிகிறது, எங்கிருந்து முழுக் கறுப்பு மட்டும் தெரிகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். ஊர்க்காக்கை மனிதக் குடியிருப்பை விட்டு அதிகம் விலகாது. காட்டுச் சாலையில் கடைகள் முடிந்தால் அதுவும் குறையும். ஏற்காடு ஊருக்குள் ஏரிக்கரை, கடைத்தெரு என்று எச்சில் இலை விழும் இடங்களில் மறுபடி தலைகாட்டலாம். எனவே உயரத்தை மட்டும் காரணமாக எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் கடை இருந்ததா, வீடு இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அண்டங்காக்கையை நன்றாகப் பார்க்க நாகலூர், மஞ்சக்குட்டை போகும் சாலைகளில் காலை நேரத்தில் நடக்கலாம். சில்வர் ஓக், பலா நிழலில் காப்பிச் செடியும், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடியும் இருக்கும். அண்டங்காக்கை ஊர்க்காக்கை போலக் கூட்டம் கூட்டமாக இருக்காது. பெரும்பாலும் ஜோடியாகத் தெரியும். எஸ்டேட்டுக்குள் போக அனுமதி கேளுங்கள். விடியற்காலையில் தனியாகப் போக வேண்டாம். காட்டெருமை நடமாட்டம் உண்டு, உள்ளூர்க்காரர் இந்தப் பக்கம் போகாதே என்றால் போகக் கூடாது. அங்கே காக்கைக்குத் தீனி போடவும் கூடாது. போட்டால் முதலில் வருவது குரங்கு.

நடக்கும்போது செம்பழுப்பு உடலும் நீண்ட சாம்பல் வாலுமாக ஒரு பறவை மரத்துக்கு மரம் தாவினால் அது வால்காக்கை. காக்கைக் குடும்பத்தின் மூன்றாவது உறவு. கரகரவென்றும் கத்தும், திடீரென்று இனிமையாகவும் கூவும்.

மலை உச்சியில் சேர்வராயன் கோயிலுக்கும் போய்வாருங்கள். குகைக்குள் சேர்வராயனோடு காவேரி அம்மனும் இருக்கிறாள். காவேரிக்கும் காக்கைக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரிந்த கதை. அகத்தியர் கமண்டலத்தில் அடைத்து வைத்திருந்த நீரை, விநாயகர் காக்கை வடிவில் வந்து தட்டிவிட, அது ஆறாகப் பெருகி ஓடியது. மேட்டூர் அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் செய்தியை ஒவ்வொரு ஆண்டும் எதிர்பார்த்திருக்கிற மாவட்டம் இது. காக்கை இல்லாமல் காவேரி இல்லை என்ற கதை இங்கே எனக்குக் கூடுதலாகவே இனிக்கிறது.

கூச்சல் கேட்டால் ஓடிப் போய்ப் பாருங்கள்

காக்கைகள் பத்துப் பதினைந்து சேர்ந்து ஒரே மரத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். பூனையாக இருக்கலாம், பாம்பாக இருக்கலாம், பருந்து உட்கார்ந்திருக்கலாம். பெரும்பாலும் நல்ல பரிசு ஆந்தை. பகலில் இலைக்குள் ஒடுங்கியிருக்கும் ஆந்தையை நாமாகத் தேடினால் கிடைக்காது, காக்கை காட்டிக்கொடுக்கும். கூகையைக் காக்கை பகலில் வெல்லும், அரசனும் காலம் பார்த்துத்தான் போர் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் 481-வது குறளில் சொன்னது இந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தவர் சொன்ன சொல். அந்த மரத்தடிக்குப் போனதும் அசையாமல் நின்று, காக்கைகளின் தலை எந்தக் கிளையை நோக்கியிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்திலேயே உங்கள் பார்வையும் போகட்டும். ஆந்தையைப் பார்த்துவிட்டால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஏற்கனவே அது படும் பாடு போதும்.

இன்னும் சில பழக்கங்களும் உண்டு. காய்ந்த ரொட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்துத் தின்பது, மிச்சத்தை ஓட்டு இடுக்கில் திணித்து வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பது, ஒன்று ஒளித்ததை இன்னொன்று வந்து எடுப்பது. மாடியில் ஒரு தண்ணீர்த் தட்டு வைத்தால் இவை எல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்கும். தட்டைத் தினம் கழுவி, தண்ணீரை மாற்றுங்கள்.

குயில் வரும் மாதங்கள்

ஆண்டு முழுக்கப் பார்க்க நேரமில்லை என்பவர்கள் பங்குனி முதல் ஆனி வரை மட்டுமாவது விடாமல் பாருங்கள். அண்டங்காக்கை கோடை வெயில் ஏறுவதற்கு முன்பே கூடு கட்டும் வேலையைத் தொடங்கிவிடும். ஊர்க்காக்கைக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை முக்கியமான காலம். வாயில் சுள்ளியோடும் இரும்புக் கம்பியோடும் போகும் காக்கையைக் கண்டால் பின்தொடருங்கள். வேம்பு, தென்னை, செல்போன் கோபுரம், எங்கே வேண்டுமானாலும் கூடு இருக்கும். உள்ளே நார் மெத்தை.

மாந்தோப்பில் ஆண் குயில் ஓயாமல் கூவத் தொடங்குவதும் இந்தக் காலம்தான். கூவிக்கொண்டே ஆண் குயில் கூட்டின் அருகே வரும். காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு போகும். அந்த இடைவெளியில் உடலெல்லாம் புள்ளியுள்ள பெண் குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காக்கை முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். முந்திப் பிறந்த குஞ்சு முந்தித் தின்னும். காக்கைக் குஞ்சுகளும் கூடவே வளர்வதும் உண்டு. ஆந்தையைக் கண்டு ஊரைக் கூட்டும், மனித முகத்தை நினைவில் வைக்கும் பறவை, தன் கூட்டில் வளரும் அந்நியக் குஞ்சுக்கு வாரக்கணக்கில் ஊட்டுகிறது. இந்த முரணை நேரில் பார்க்காமல் காக்கையைப் பற்றி யாரும் முடிவு சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன்.

பார்க்கும் வழி: மே, ஜூனில் இறக்கையை அடித்துக்கொண்டு ஊட்டச் சொல்லிக் கெஞ்சும் குரல் எங்கே கேட்டாலும் நில்லுங்கள். வாயைத் திறக்கும் குஞ்சு ஒல்லியாக, வால் நீண்டு, உடலில் புள்ளியோடு இருந்து, ஊட்டுவது காக்கையாக இருந்தால் நீங்கள் தேடியது அதுவே. கூட்டின் மேல் செல்போனை நீட்டுவதோ, மரத்தில் ஏறுவதோ வேண்டாம்.

தலையில் தட்டினால்

இதே மாதங்களில்தான் காக்கை தலையில் கொத்திவிட்டது, சனி பிடித்துவிட்டது என்ற பேச்சும் எழும். காக்கை சனீஸ்வரனின் வாகனம் என்பதால் வரும் பயம். பரிகாரம் செய்வது அவரவர் விருப்பம். நான் சொல்வது, தட்டிய இடத்தில் மேலே பாருங்கள் என்பதை. ஒரு கூடு இருக்கும், அல்லது அப்போதுதான் கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு பக்கத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும். இரண்டு வாரம் குடை பிடித்துப் போங்கள், அல்லது தெருவின் அந்தப் பக்கமாக நடங்கள். குஞ்சு பறக்கப் பழகியதும் தானாக நின்றுவிடும்.

காக்கைக்கு ஒரு கண்தான் என்று சொல்வதும் இப்படித்தான். சீதையைத் துன்புறுத்திய காகாசுரனின் கண்ணை ராமனின் புல் அம்பு பறித்தது என்பது கதை. அருகில் உட்கார்ந்த காக்கை தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பதால் அந்தக் கதை நம் மனதில் நிற்கிறது. கண் பக்கவாட்டில் இருக்கும் பறவை அப்படிச் சாய்த்துத்தான் பார்க்கும். அதற்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும்.

சோறு வைக்கும் முறை

உத்தர காண்டத்தில் ராவணனுக்கு அஞ்சி தேவர்கள் ஆளுக்கொரு உயிரின் வடிவில் ஒளிகிறார்கள். யமன் ஒளிந்தது காக்கையில். தப்பித்த நன்றிக்கு, நீ உண்டால் என் உலகில் உள்ள முன்னோர் பசியாறுவார்கள் என்று வரம் கொடுக்கிறான். நம் வீடுகளில் அமாவாசைக்கும் திதிக்கும் இலையில் முதல் பிடி காக்கைக்குப் போவதன் பின்னால் இந்த நம்பிக்கை இருக்கிறது. சில வீடுகளில் பொங்கலுக்கு மறுநாள் பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகள் வைத்து, உடன்பிறந்தவர்களுக்காகக் காக்காப்பிடி வைப்பதும் உண்டு.

சங்க காலத்திலேயே காக்கைக்குப் பலி இட்டிருக்கிறோம். குறுந்தொகையின் 210-வது பாட்டில் தோழி சொல்கிறாள்: தலைவன் வருவான் என்று கரைந்த காக்கைக்கு, நள்ளி என்ற வள்ளலின் காட்டுப் பசுக்களின் நெய்யோடு தொண்டியில் விளைந்த நெல்லின் சோற்றை ஏழு கலத்தில் ஏந்தி வைத்தாலும் போதாது. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நின்றுவிட்டது. சேலத்து வீடுகளில் இன்றும் காக்கை விடாமல் கரைந்தால் யாரோ வரப் போகிறார்கள் என்று உலையில் கூட ஒரு பிடி அரிசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சரி, எப்படி வைப்பது? உப்பும் காரமும் அதிகமில்லாத வெறும் சோறு, ஒரு பிடி போதும். இலையில் வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஒரே நேரத்தில் வைத்தால் சீக்கிரம் பழகிவிடும். வைத்துவிட்டு நான்கைந்து அடி தள்ளி நின்று வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வந்தது யார், அது உடனே தின்றதா, கரைந்து மற்றவற்றை அழைத்ததா, யார் வந்ததும் யார் விலகியது. காக்கை கிடைத்ததை ஒளிக்காமல் இனத்தை அழைத்து உண்ணும் என்று 527-வது குறள் சொல்கிறது; அது எந்தெந்த நாளில் நடக்கிறது, எந்தெந்த நாளில் நடக்கவில்லை என்பதை உங்கள் நோட்டு சொல்லட்டும். மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அள்ளிக் கொட்டுவது தவறு. 1890-களில் சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஊர்க்காக்கை கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் பரவி, அங்குள்ள சிறு பறவைகளுக்கு எமனாகி, கென்யா 2024-ல் பத்து லட்சம் காக்கைகளைக் கொல்லப் போவதாக அறிவிக்கும் அளவுக்கு வந்தது. நாம் கொட்டும் எச்சில் பெருகினால் காக்கை பெருகும். தெருவில் சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் கூடு தங்காது.

குறிப்பும் பொறுப்பும்

நோட்டில் தேதி, நேரம், இடம், இனம், எண்ணிக்கை, என்ன செய்தது என்று ஆறு விஷயங்கள் எழுதினால் போதும். கை பழகியதும் பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றுங்கள். ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் பார்த்துப் பட்டியல் இட வேண்டும். எளிது என்று நினைத்துப் பலர் காக்கையை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எண்ணி எழுதுங்கள்.

தரையில் குஞ்சு கிடந்தால் உடனே வீட்டுக்குள் தூக்கிப் போகாதீர்கள். இறகு முளைத்திருந்தால் பறக்கப் பழகுகிறது. தாயும் தந்தையும் மேலேயே இருக்கும். நாய், பூனை வரும் இடமாக இருந்தால் துணியால் எடுத்துப் பக்கத்துச் சுவரிலோ கிளையிலோ வைத்துவிட்டு விலகுங்கள். காக்கையைப் பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள். 1972-ம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர்க்காக்கை தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டுவிட்டதால், அந்தச் சாக்கும் இப்போது இல்லை.

ஒரே இடத்தில் பல காக்கைகள் செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். குழந்தைகளையும் வளர்ப்பு நாயையும் அந்தப் பக்கம் விடாமல், பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு இடத்தையும் எண்ணிக்கையையும் சொல்லுங்கள்.